துளித்துளியாய்ப் பிரிந்த புரதம்

கலந்திருப்பதைப் பிரித்தெடுப்பது மனிதன் மிகப் பழங்காலத்திலேயே கற்றுக்கொண்ட தொழில். நெல்லைக் காற்றில் தூற்றினால் பதர் பறந்துவிடும்; மணி கீழே குவியும். அரிசியை முறத்தில் இட்டுப் புடைத்தால் உமி விலகும். மாவைச் சல்லடையில் சலித்தால் கப்பி மேலே தங்கும். இவை ஒவ்வொன்றும் பொருள்களுக்கு இடையே உள்ள ஒரு வேறுபாட்டைப் பயன்படுத்திக்கொள்கின்றன. பதர் இலேசானது, மணி கனமானது. மாவு நுண்ணியது, கப்பி பெரியது. வேறுபாடு இருந்தால்தான் பிரிக்க முடியும்.

ஆனால், வேறுபாடு கண்ணுக்கே தெரியாமல் இருந்தால் என்ன செய்வது? நிறமில்லாத இருபது வகைப் பொருள்கள் ஒரே நீரில் கரைந்து கிடக்கின்றன. அவற்றுள் சில, அளவிலும் எடையிலும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. அவற்றை எந்த முறத்தில் இட்டுப் புடைப்பது? எந்தச் சல்லடையில் சலிப்பது? இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உயிர்வேதியியல் அறிஞர்களை வாட்டிய கேள்வி இது. அந்த இருபது பொருள்களே அமினோ அமிலங்கள்.

புரதமும் அதன் மணிகளும்

நம் தசை, தோல், முடி, இரத்தம் அனைத்திலும் புரதம் உள்ளது. உணவைச் செரிக்கச் செய்யும் நொதிகளும் புரதங்களே. புரதத்தை ஒரு மணிமாலைக்கு ஒப்பிடலாம். அதில் கோக்கப்பட்ட மணிகள் அமினோ அமிலங்கள். மாலையின் சிறு துண்டுக்குப் பெப்டைடு என்று பெயர். புரதத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பல மணி நேரம் சூடாக்கினால் மாலை அறுந்து, மணிகள் தனித்தனியாக உதிர்ந்துவிடும். எந்தப் புரதத்தில் எந்த மணி எத்தனை உள்ளது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், உதிர்ந்த மணிகளை வகைவகையாகப் பிரித்து எண்ண வேண்டும்.

எண்ணுவது எளிதன்று. லியூசின், ஐசோலியூசின் என்னும் இரண்டு அமினோ அமிலங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் 6 கார்பன் அணுக்கள், 13 ஹைட்ரஜன் அணுக்கள், 1 நைட்ரஜன் அணு, 2 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. எடையில் அணுவளவும் வேறுபாடு இல்லை. அணுக்கள் இணைந்திருக்கும் விதம் மட்டுமே சற்று மாறுபடுகிறது.

ஒரு குழந்தையின் உயிர்ப்பிரச்சினை

இவற்றைப் பிரித்தறிவதால் யாருக்கு என்ன பயன் என்று தோன்றலாம். இதற்கு விடையாக ஒரு நிகழ்வைக் கூறலாம். 1934-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஆஸ்பியோர்ன் ஃபோலிங், அறிவு வளர்ச்சி குன்றிய சில குழந்தைகளின் சிறுநீரில் இயல்புக்கு மாறான ஒரு பொருள் இருப்பதைக் கண்டறிந்தார். ஃபீனைல்அலனின் என்னும் அமினோ அமிலத்தை அக்குழந்தைகளின் உடல் மாற்றிப் பயன்படுத்த இயலாததே அதற்குக் காரணம். அந்த அமிலம் இரத்தத்தில் சேர்ந்து, வளரும் மூளையைச் சிதைத்தது. அந்நோய் ஃபீனைல்கீட்டோனூரியா எனப்படுகிறது. பிறக்கும்போது குழந்தை நலமாகவே தோன்றும். பாதிப்பு வெளியில் தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் இந்நோயுற்ற இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று மருத்துவமனையில் இருந்தது. அதனால் நிற்கவோ நடக்கவோ பேசவோ முடியவில்லை. அது தலையை மோதிக்கொண்டு அழுதபடியே இருந்தது. ஹோர்ஸ்ட் பிக்கல் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு வழி கண்டனர். பாற்புரதத்தை அமினோ அமிலங்களாக உடைத்து, அக்கரைசலைச் சிறப்பாகப் பக்குவப்படுத்திய கரித்தூளோடு சேர்த்தனர். ஃபீனைல்அலனின் கரித்தூளில் ஒட்டிக்கொண்டது. அதனுடன் ஒட்டிக்கொண்ட தேவையான வேறு சில அமிலங்களை மட்டும் மீண்டும் சேர்த்து, அந்த உணவைக் குழந்தைக்கு ஊட்டினர். சில மாதங்களில் குழந்தை தவழ்ந்தது, எழுந்து நின்றது, நாற்காலியில் ஏறியது, தலையை மோதிக்கொள்வதை நிறுத்தியது. உணவே இம்மாற்றத்திற்குக் காரணமா என்று உறுதி செய்ய, தாய்க்குத் தெரிவிக்காமல் மீண்டும் ஃபீனைல்அலனினை உணவில் கலந்தனர். சில நாள்களிலேயே குழந்தை பழைய நிலைக்குச் சரியத் தொடங்கியது. தாய்க்குச் சொல்லாமல் செய்த அச்சோதனை சரியா என்பது இன்றும் சிந்திக்கத்தக்கது. எனினும், ஓர் அமினோ அமிலத்தைப் பிரித்து நீக்குவது ஒரு குழந்தையின் வாழ்வையே மாற்றும் என்பதை 1953-இல் வெளிவந்த அவ்வறிக்கை உலகுக்கு உணர்த்தியது.

நிறங்களில் பிறந்த முறை

பிரித்தெடுக்கும் முறைக்கு வித்திட்டவர் மிகயீல் சுவெட் என்னும் தாவரவியல் அறிஞர். வார்சா நகரில் பணியாற்றிய அவர், இலைகளின் நிறப்பொருள்களை ஆராய்ந்தார். ஒரு கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புத்தூளை இறுக்கமாக நிரப்பி, இலைச்சாற்றின் கரைசலை மேலிருந்து ஊற்றினார். அதன்பின் தூய கரைப்பானை ஊற்ற ஊற்ற, பச்சை, மஞ்சள் எனப் பல நிற வளையங்கள் குழாயில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பிரிந்து நின்றன. இதைப் பற்றி அவர் 1903-இல் உரையாற்றினார். 1906-இல் கட்டுரைகள் வெளியிட்டு, அம்முறைக்குக் குரோமட்டோகிராபி என்று பெயரிட்டார். தமிழில் அது வண்ணப்பிரிகை எனப்படுகிறது. அவருடைய குடும்பப் பெயருக்கும் ரஷ்ய மொழியில் ‘நிறம்’ என்பதே பொருள்.

இதன் தத்துவத்தை இரவுச் சந்தையை வைத்துப் புரிந்துகொள்ளலாம். நண்பர்கள் மூவர் ஒரே நேரத்தில் சந்தைக்குள் நுழைகிறார்கள். ஒருவர் எந்தக் கடையிலும் நிற்பதில்லை. மற்றொருவர் உணவுக் கடைகளில் மட்டும் நிற்கிறார். மூன்றாமவர் கடைக்குக் கடை நின்று விலை கேட்கிறார். மூவரையும் ஒரே கூட்டம்தான் தள்ளிச் செல்கிறது. ஆனாலும் அவர்கள் வெவ்வேறு நேரத்தில் சந்தையின் மறுமுனையை அடைவார்கள். குழாயில் நிரப்பிய பொருளே சந்தை. ஓடும் கரைப்பானே கூட்டம். நிரப்புப் பொருளோடு அதிகம் ஒட்டுவது மெதுவாக நகர்கிறது. குறைவாக ஒட்டுவது விரைந்து வெளியேறுகிறது. குழாய் நீளமாக இருந்தால், மிகச் சிறிய வேறுபாடும் பெரிய இடைவெளியாக வளர்ந்துவிடும்.

1941-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கம்பளி ஆய்வு நிலையத்தில் பணிபுரிந்த ஆர்ச்சர் மார்ட்டின், ரிச்சர்ட் சிங் ஆகியோர் இம்முறையை மேலும் வளர்த்தனர். சிலிக்கா தூளில் நீரைத் தேக்கி, அதன் வழியே குளோரோபாரத்தை ஓடவிட்டு, அமினோ அமிலங்களை வேதிமாற்றம் செய்த வடிவில் பிரித்தனர். இதற்காக 1952-இல் அவர்களுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டு வாரப் பொறுமை

இதே காலத்தில் நியூயார்க்கில் உள்ள ராக்கஃபெல்லர் மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் இருவர் இச்சிக்கலை எதிர்கொண்டனர். ஒருவர் வில்லியம் ஸ்டைன். மற்றவர் ஸ்டான்ஃபோர்டு மூர். உலகப் போர் அவர்களுடைய ஆய்வை இடைமறித்தது. வழிகாட்டிய பேராசிரியர் மாக்ஸ் பெர்க்மனும் 1944-இல் காலமானார். போருக்குப்பின் இருவரும் மீண்டும் ஒன்றுசேர்ந்து பணியைத் தொடர்ந்தனர்.

முதலில் அவர்கள் குழாயில் நிரப்பியது உருளைக்கிழங்கு மாவு. அமினோ அமிலங்கள் அதில் பிரிந்தன. ஆனால், கரைசல் மிக மெதுவாகச் சொட்டியது. ஒவ்வொரு சிறு பகுதியையும் தனித்தனிச் சோதனைக்குழாயில் சேகரிக்க வேண்டியிருந்தது. இரவும் பகலும் விழித்திருந்து குழாய் மாற்ற யாரால் முடியும்? எனவே, சொட்டும் துளிகளை ஒளிக்கருவியால் எண்ணி, குறித்த எண்ணிக்கை ஆனதும் அடுத்த குழாயைத் தானே நகர்த்தும் பொறியை உருவாக்கினர். சேகரித்த ஒவ்வொன்றிலும் நின்ஹைட்ரின் என்னும் வேதிப்பொருளைச் சேர்த்துச் சூடாக்கினர். நிறமற்ற அமினோ அமிலம் அதனுடன் சேர்ந்து ஊதா நிறம் பெறும்; புரோலின் மட்டும் மஞ்சள் நிறம் தரும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ, அமிலமும் அவ்வளவு அதிகம். இவ்வாறு ஒரு புரதத்தை முழுமையாகப் பகுத்தறிய ஏறத்தாழ இரண்டு வாரம் ஆனது.

பலபடி மணிகளின் வருகை

மாவுக்கு மாற்றாகச் சிறந்த பொருள் ஒன்று தேவைப்பட்டது. அதைத் தந்தது செயற்கைப் பிசின். ஒரே அமைப்புடைய சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் சங்கிலியாக இணைந்து உருவாகும் பொருளைப் பலபடி என்பர். பாலிமர் என்றும் வழங்குவர். 1935-இல் இங்கிலாந்தின் ஆடம்ஸ், ஹோம்ஸ் ஆகிய இருவரும் செயற்கைப் பிசினால் அயனிகளை மாற்றிக்கொள்ள முடியும் என்று காட்டினர். 1940களில் பாலிஸ்டைரினால் ஆன பிசின்கள் வந்தன. கடைகளில் உணவு கட்டித் தரும் வெள்ளை நுரைப்பெட்டியும் பாலிஸ்டைரினால் ஆனதே. பெட்டியாகப் பயன்படும் பலபடி, வேதியியலாரின் கையில் நுட்பமான கருவியாயிற்று.

அதற்கு இரண்டு மாற்றங்கள் செய்யப்பட்டன. முதலாவதாக, பாலிஸ்டைரின் சங்கிலிகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் போடப்பட்டன. இதனால் பிசின் கரையாமல், வலைபோன்ற சிறு மணிகளாக நின்றது. பிணைப்பு மிகுந்தால் வலையின் கண்கள் சிறுக்கும்; குறைந்தால் கண்கள் விரியும். இரண்டாவதாக, அம்மணிகளில் சல்போனிக் அமிலத் தொகுதிகள் இணைக்கப்பட்டன. அவை எதிர்மின்னூட்டம் உடையவை. ஆகவே, நேர்மின்னூட்டம் கொண்ட எதையும் தம்பால் ஈர்க்கும்.

அமினோ அமிலத்திற்கு ஒரு தனிப்பண்பு உண்டு. அமிலத்தன்மை மிகுந்த கரைசலில் அது நேர்மின்னூட்டம் பெறும். அமிலத்தன்மை குறையக் குறைய அந்த மின்னூட்டத்தை இழக்கும். ஆனால், எல்லா அமினோ அமிலங்களும் ஒரே நிலையில் அதை இழப்பதில்லை. முறத்துக்கும் சல்லடைக்கும் அகப்படாத வேறுபாடு இங்கே அகப்பட்டது. அமிலக் கரைசலில் அமினோ அமிலங்கள் பிசினில் ஒட்டிக்கொள்கின்றன. பின்னர், அமிலத்தன்மையைச் சீராக வைத்திருக்கும் தாங்கல் கரைசலை ஓடவிட்டு, அதன் அமிலத்தன்மையைப் படிப்படியாகக் குறைக்கும்போது, அவை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடியை விடுகின்றன. கூடுதலாக ஓர் அமிலத்தொகுதியை உடைய அஸ்பார்ட்டிக் அமிலம் முதலில் வெளியேறும். கூடுதலாகக் காரத்தொகுதியை உடைய லைசின், ஹிஸ்டிடின், அர்ஜினின் ஆகியவை கடைசியில் வரும்.

பலபடியும் சும்மா இருப்பதில்லை. பாலிஸ்டைரினில் பென்சீன் வளையங்கள் உள்ளன. டைரோசின், ஃபீனைல்அலனின் ஆகியவற்றிலும் அத்தகைய வளையம் உண்டு. இனம் இனத்தோடு சேரும் என்பதுபோல், அவை பிசினோடு கூடுதல் நேரம் தங்குகின்றன. லியூசினும் ஐசோலியூசினும்கூட இம்முறையில் பிரிகின்றன. ஐசோலியூசின் முன்னே வர, லியூசின் அடுத்து வருகிறது.

ஒரு நாளில் முடிந்த வேலை

1951-இல் மூரும் ஸ்டைனும் இப்பிசினைப் பயன்படுத்திய முறையை வெளியிட்டனர். 1958-இல் டேரல் ஸ்பாக்மன் என்பவரோடு சேர்ந்து, பணி முழுவதையும் தானே செய்யும் கருவியை அறிமுகப்படுத்தினர். அதில் 150 செண்டிமீட்டர் நீளக் குழாய் ஒன்றும், காரத்தன்மை உடைய அமினோ அமிலங்களுக்காக 15 செண்டிமீட்டர் நீளக் குழாய் ஒன்றும் இருந்தன. குழாய்கள் 50 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைக்கப்பட்டன. வெளிவரும் கரைசலோடு நின்ஹைட்ரின் தானே கலந்தது. கொதிநீரில் அமைந்த சுருள்குழாய் வழியே ஓடி நிறம் பெற்றது. ஒளிமானி அந்நிறத்தை அளந்தது. தாளில் மேடுபள்ளமாக ஒரு கோடு வரையப்பட்டது. ஒவ்வொரு மேடும் ஓர் அமினோ அமிலம். மேட்டின் பரப்பு அதன் அளவைச் சொன்னது. இரண்டு வார வேலை ஒரு நாளுக்குள் அடங்கியது.

மாலையின் வரிசை

மணிகளின் எண்ணிக்கை தெரிந்தால் மட்டும் போதாது. அவை எந்த வரிசையில் கோக்கப்பட்டுள்ளன என்பதும் தெரிய வேண்டும். இதற்குப் பெப்டைடுகளைப் பிரிக்க வேண்டும். ஒரு நொதியைக் கொண்டு புரத மாலையைச் சில இடங்களில் வெட்டினால் ‘சிவப்பு–நீலம்–பச்சை’, ‘மஞ்சள்–வெள்ளை’ என்று இரு துண்டுகள் கிடைப்பதாகக் கொள்வோம். எது முன், எது பின் என்று தெரியாது. வேறொரு நொதியால் வெட்டும்போது ‘பச்சை–மஞ்சள்’ என்ற துண்டு கிடைத்தால், முதல் துண்டின் முடிவும் இரண்டாம் துண்டின் தொடக்கமும் அடுத்தடுத்து உள்ளன என்பது தெளிவாகும். கிழிந்த கடிதத்தை ஒட்டுவதுபோல் வரிசையை மீட்டுவிடலாம்.

பெப்டைடுகள் அமினோ அமிலங்களைவிடப் பெரியவை. ஆகவே, குறுக்குப் பிணைப்பு குறைந்த, வலைக்கண் விரிந்த பிசின் அவற்றுக்குப் பயன்பட்டது. இவ்வாறு துண்டுகளைப் பிரித்துப் பிரித்து, மாட்டின் கணையத்தில் உள்ள ரைபோநியூக்ளியேஸ் என்னும் நொதியின் வரிசையை அக்குழுவினர் 1960-இல் வெளியிட்டனர். 1963-இல் அதைத் திருத்தி நிறைவு செய்தனர். அதில் 124 அமினோ அமிலங்கள் உள்ளன. இதற்கு முன்பே பிரெடரிக் சாங்கர், 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலினின் வரிசையைக் கண்டறிந்திருந்தார். ஆனால், ஒரு நொதியின் முழு வரிசை தெரியவந்தது இதுவே முதல்முறை.

1959-இல் சுவீடன் நாட்டின் ஜெர்கர் பொராத், பெர் ஃபுளோடின் ஆகியோர் வேறொரு பலபடியைக் கொண்டு புதிய வழி காட்டினர். டெக்ஸ்ட்ரான் என்னும் சர்க்கரைப் பலபடியின் மென்மையான மணிகள் மூலக்கூறுகளை அவற்றின் அளவைக் கொண்டு பிரித்தன. சல்லடையில் சிறியது முதலில் விழும். இங்கோ பெரியது முதலில் வரும். பெரிய மூலக்கூறு மணியின் துளைக்குள் நுழைய முடியாமல் நேரே ஓடிவிடுகிறது. சிறியது ஒவ்வொரு துளையிலும் புகுந்து புறப்பட்டுத் தாமதமாக வந்து சேர்கிறது.

முடங்காத மனம்

1969-இல் ஸ்டைனைக் கடுமையான நரம்பு நோய் தாக்கியது. கைகால்கள் செயலிழந்தன. எனினும், உடன் பணிபுரிந்தோருக்கு அறிவுரையும் ஊக்கமும் அளிப்பதை அவர் நிறுத்தவில்லை. 1972-இல் மூருக்கும் ஸ்டைனுக்கும், கிறிஸ்டியன் அன்பின்சன் என்பாருக்கும் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1980-இல் ஸ்டைன் மறைந்தார்; இரண்டாண்டுகளில் மூரும் மறைந்தார். நாற்பதாண்டுக் கூட்டுழைப்பை அவர்கள் விட்டுச்சென்ற முறைகளில் காணலாம்.

இன்று குழாய்கள் சிறுத்துவிட்டன. மணிகள் இன்னும் நுண்மையாகிவிட்டன. உயர் அழுத்தத்தில் கரைசலைச் செலுத்தும் கருவிகள் சில நிமிடங்களிலேயே பல பொருள்களைப் பிரித்துவிடுகின்றன. வலிமையான காரத்தில் சிலிக்கா கரைந்து கெடும். ஆனால், பாலிஸ்டைரின் மணிகள் அதைத் தாங்கும். ஆகவே, இரண்டும் தத்தம் இடத்தில் பயன்படுகின்றன. நீரிழிவு நோயாளி செலுத்திக்கொள்ளும் இன்சுலின் தூயதா என்று சோதிப்பதும் இம்முறையே. பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து எடுத்த ஒரு துளி இரத்தத்தில் ஐயம் எழுந்தால், எந்த அமினோ அமிலம் எவ்வளவு மிகுந்துள்ளது என்று உறுதி செய்யவும் இது உதவுகிறது. முதல் சில வாரங்களிலேயே உணவை மாற்றினால், ஃபீனைல்கீட்டோனூரியா உள்ள குழந்தையும் மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்ந்து, பள்ளிக்குச் சென்று படிக்க முடியும்.

பாலையும் நீரையும் பிரித்து உண்ணும் அன்னப்பறவையைப் புலவர்கள் கற்பனையில் கண்டனர். அறிவியலாளர் நுண்ணிய பலபடி மணிகளைக் கொண்டு அதனினும் நுட்பமான பிரிவினையை மெய்யாக்கினர். சிறு வேறுபாட்டையும் பொருட்படுத்திக் கவனிக்கும் கண்ணும், துளித்துளியாக எண்ணும் பொறுமையுமே அவர்களுக்குத் துணையாக இருந்தன.

சிந்தித்து விடையளி

1. லியூசினையும் ஐசோலியூசினையும் பிரிப்பது ஏன் கடினம்?
2. இரவுச் சந்தை உவமையில் சந்தை, கூட்டம், நண்பர்கள் ஆகியவை எவற்றைக் குறிக்கின்றன?
3. பாலிஸ்டைரின் பிசினில் அஸ்பார்ட்டிக் அமிலம் முதலிலும் அர்ஜினின் கடைசியிலும் வெளிவரக் காரணம் யாது?
4. சல்லடையில் சலிப்பதற்கும் டெக்ஸ்ட்ரான் மணிகளால் பிரிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
5. பர்மிங்காம் மருத்துவர்கள் தாய்க்குத் தெரிவிக்காமல் உணவை மாற்றியது சரியா? உன் கருத்தைத் தக்க காரணங்களுடன் எழுதுக.